விலை பொறிக்காத காசு

வெல்வெட் துணியை விரிப்பதற்கு முன் அந்த மனிதர் மேசையைத் துடைத்தார்.

மேசையில் தூசி இல்லை. நியூஜெர்சியில் ஒரு வக்கீல் அலுவலகத்தின் கூட்ட அறை அது. தினமும் யாராவது துடைத்துவிட்டுத்தான் போவார்கள். ஆனாலும் அவர் தன் கைக்குட்டையால் ஒரு மூலையைத் துடைத்து, கறுப்புத் துணியை விரித்து, சுருக்கத்தை விரல்களால் நீவிவிட்டார். பிறகு கழுத்து வளைகிற சிறு விளக்கு ஒன்றை எடுத்து வைத்தார். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் பழைய பனி அழுக்கேறிக் குவிந்து கிடந்தது.

அவர் பெயர் டாய்ல். பழைய நாணயங்களுக்கு விலை மதிப்பிடுகிறவர். எங்கள் விவாகரத்தில் எது யாருக்கு என்ற பேச்சுவார்த்தைக்காக இரண்டு தரப்பும் சேர்ந்து வரவழைத்த ஆள்.

எனக்கு எதிரே செந்தில் உட்கார்ந்திருந்தார். என் கணவர். இன்னும் சில வாரங்களுக்கு அப்படித்தான் சொல்ல வேண்டும். டெக்ஸாஸிலிருந்து காலை விமானத்தில் வந்திருந்தார். போட்டிருந்த நீலச் சட்டை நான் வாங்கிக் கொடுத்தது.

கைப்பையிலிருந்த சின்ன அட்டைப் பெட்டியைத் திறந்தேன். காசை ஓரங்களில் மட்டும் பிடித்து எடுத்து, துணியின் நடுவில் வைத்தேன்.

டாய்ல் குனிந்தார். "ஓ" என்றார். அந்த "ஓ" எனக்குத் தெரியும். இந்தக் காசை முதன்முதலாகப் பார்த்தபோது என் தொண்டையிலிருந்தும் அதுதான் வந்தது.

நிமிர்ந்து, "இதைச் சேகரித்தது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் செந்தில் சொன்னார்: "வி டிட்."

நாங்கள். நாங்கள் சேகரித்தோமாம்.

பக்கத்து ஹால்

இந்தத் தொடரில் நியூஜெர்சியில் நாங்கள் குடியிருந்த பிளெய்ன்ஸ்பரோ நாட்களைப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து வாசகர்கள் ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கோபிசெட்டிபாளையத்திலிருந்து போன கெமிஸ்ட்ரிக்காரிக்கு அமெரிக்கத் தங்கக் காசுப் பைத்தியம் எப்படிப் பிடித்தது?

செந்திலால்தான்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லாத விசா. காலையில் அவர் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறினால் இருட்டிய பிறகுதான் வருவார். எம்.எஸ்ஸி. படித்த நான் துணி மடித்து, அதையே மறுபடி கலைத்து மடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹைவே ஓரத்து ஹோட்டலில் வீட்டுமனை முதலீடு பற்றி ஏதோ செமினார். செந்தில் என்னையும் கைக்குழந்தை யாழினியையும் கூட்டிப்போனார். மனைவிமார் உள்ளே உட்கார இடமில்லை. "நீ லாபில வெயிட் பண்ணு சுமதி, ஒரு மணி நேரம்தான்" என்றார்.

லாபியில் கதவு திறக்கும்போதெல்லாம் குளிர் அடித்தது. பக்கத்து ஹாலில் ஏதோ கண்காட்சி. இலவச அனுமதி என்று போட்டிருந்தது. தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போனேன். ஹால் கதகதப்பாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். வயதானவர்கள் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்திருந்தார்கள். ஒரு பெட்டிக்குப் பின்னால் என் வயதிலேயே ஒரு பெண், கேரல், சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள். நான் எதைப் பார்க்கிறேன் என்று கவனித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

அமெரிக்கா நாடான புதிதில் அடித்த ஐந்து டாலர் தங்கக் காசு. ஒரு பவுனைவிடக் கொஞ்சம் கூடுதல் கனம். நம் ஊர் நகையைப் போலவே இருபத்திரண்டு கேரட். கை அந்தக் கனத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டது. ஒரு பக்கம் குல்லாய் போட்ட பெண்ணின் தலை. மறு பக்கம் கழுகு.

"இதில் ஐந்து டாலர் என்று எங்கே போட்டிருக்கிறது?" என்று கேட்டேன்.

"எங்கேயும் இல்லை" என்றாள் கேரல். ஆரம்ப காலத் தங்கக் காசுகளில் விலை பொறிக்க மாட்டார்களாம். எடைதான் விலை. நம்பாதவன் தராசில் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

செமினார் முடிந்து செந்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தபோது எரிச்சலாக இருந்தார். "பழைய துட்டெல்லாமா பாத்துட்டு இருக்கற? லாபிலதான இருக்கச் சொன்னேன்?"

உருகியவை

இந்தக் காசுகள் ஏன் அரிதாயின என்பதைச் சொல்லிவிடுகிறேன். நகைக்கடை வாசலில் நின்றிருக்கும் நம்மவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

தங்கத்தின் விலை உலகச் சந்தையில் ஏறிவிட்டது. ஐந்து டாலர் என்று செலவழிக்க வேண்டிய காசுக்குள் இருந்த தங்கமோ ஐந்து டாலருக்கு மேல் பெறும். யார் அதைக் கொடுத்து மாட்டுத்தீவனம் வாங்குவார்கள்? மூட்டை கட்டிக் கப்பலேற்றினார்கள். ஐரோப்பாவில் உருக்கினார்கள். அச்சடித்த சில வருடங்களிலேயே ஒட்டுமொத்தமாக மறைந்துபோன காசுகள் உண்டு. பிற்பாடு அரசாங்கம் சட்டத்தை மாற்றி எடையைக் குறைத்த பிறகுதான் காசுகள் காசாகப் புழங்கின.

ஆகவே இன்று கையில் கிடைக்கும் ஒவ்வொரு பழைய காசும் ஏதோ ஒரு மூட்டையிலிருந்து தவறி விழுந்தது.

அப்படித் தப்பியவற்றிலும் நல்லவை கொஞ்சம். ஓட்டை போட்டுச் சங்கிலியில் கோத்தவை உண்டு. வளையம் வைத்துப் பற்றவைத்தவை உண்டு. எல்லாவற்றையும்விட அதிகம், யாரோ ஒருவர் பளபளப்பாக இருக்கட்டும் என்று தேய்த்துக் கழுவியவை. இருநூறு வருடக் காற்றில் தங்கத்தின் மேல் ஒரு தோல் படியும். ஆரஞ்சும் செம்பும் கலந்த மெல்லிய நிறம். அதை ஒரு முறை எடுத்துவிட்டால் திரும்ப வராது. பார்க்கிறவர்களுக்கு ஜொலிக்கும். தெரிந்தவர்களுக்கு வயிறு எரியும்.

சாப்பாட்டு மேசை

பிறகு எனக்கு வேலை கிடைத்தது. மருந்துக் கம்பெனியின் தரப் பரிசோதனைக் கூடத்தில், மூச்சு பட்டாலே முள் ஆடும் தராசுகளோடு. சம்பளத்தில் பாதிக்கு மேல் செந்தில் தன் அண்ணன் பெயரில் ஈரோட்டுப் பக்கம் வாங்கிய மனைகளுக்குப் போனது. அதைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன். திரும்ப எழுதினால் எனக்குத்தான் நெஞ்சு கரிக்கும்.

மிச்சத்தில் நான் சேர்த்தேன். வருடத்துக்கு ஒரு காசுகூட வாங்க முடியாது. பிற்காலத்து எளிய காசுகள் மூன்று. அப்புறம், பல வருடம் கழித்து, அந்த ஒன்று.

அது கேரலிடம்தான் வந்தது. முதல் சில ஆண்டுகளுக்குள் அடித்த வகை. அதில் கழுகு மெலிந்து, சின்னதாக, பனையோலை மேல் நின்றுகொண்டு அலகில் ஒரு மாலையைப் பிடித்திருக்கும். யாருமே கழுவாத காசு. அந்த ஆரஞ்சுத் தோல் எழுத்துகளுக்கு நடுவில் அப்படியே இருந்தது. கேரல் எனக்காக அதை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தாள்.

ஐசலினில் ஓக் ட்ரீ ரோட்டில் நம்மவர் நகைக்கடை ஒன்றில் என் கல்யாண வளையல்களை விற்றேன். கடைக்காரர் தராசில் போட்டார், கல்லில் உரசினார், கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார். என் அப்பா மூன்று கடை ஏறி இறங்கி வாங்கிய டிசைன் அது. டீ வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. எனக்கு வருத்தமாக இல்லை. வேறொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் செந்திலுக்கு அதைக் காட்டினேன். இடது கையில் போனைப் பிடித்தபடி தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, குல்லாய்க்குப் பக்கத்துல கோடு கோடா இருக்குது பாருங்க."

"கீறலா?"

"கீறல் இல்லீங்க. அரத்துல ராவுனது. தகடு எடை ஜாஸ்தியா இருந்தா, அச்சடிக்கறதுக்கு முன்னாடி ராவி சரி பண்ணுவாங்க. அந்த வேலைக்குப் பொம்பளைங்களை வெச்சிருந்தாங்களாம். என்னையாட்டவே தராசு முன்னாடி உக்காந்து."

"ம்."

"இதக் கழுவவே கூடாது. துணி போட்டுக்கூடத் தொடைக்கக் கூடாது. இந்த நிறந்தான் இதுக்கு உசுரு."

"ம்."

அப்படிப் பல இரவுகள். எந்தக் காசு ஏன் அரிது, ஒரே வருடத்துக் காசுகளிலேயே நட்சத்திரங்களின் இடம் எப்படி மாறும், நல்ல காசில் கழுகின் மார்பில் இறகு எப்படித் தெரியும். சாம்பார் ஆறிக்கொண்டிருக்க நான் பேசுவேன். அவர் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருப்பார். நடுவில் ஒரு தடவை, "உப்பு எடு" என்றார்.

சுவரோடு பேசுகிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். பேசப் பழகிவிட்டதால் பேசினேன்.

பிறகு அவருக்கு டெக்ஸாஸில், ரவுண்ட் ராக்கில் பெரிய வேலை கிடைத்தது. "ரெண்டு வருஷந்தான். யாழினி ஸ்கூல டிஸ்டர்ப் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே வீடு வாங்கினார். வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு வருடம் முடிந்தபோது விவாகரத்துக் காகிதங்கள் வந்தன. சண்டை இல்லை, சத்தம் இல்லை. "நமக்குள்ள ஒண்ணுமில்ல சுமதி, உனக்கே தெரியும்" என்று போனில் சொன்னார். எனக்குத் தெரியாது. சொன்ன பிறகு யோசித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்று எளிய காசுகளும் வக்கீல் செலவில் போயின. அந்த ஒன்று மட்டும் மிஞ்சியது. சொத்துப் பட்டியலில் அதையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டவர் செந்தில்தான்.

குறைகள்

என் வக்கீல் ஷீலா மலையாளி. தமிழ் புரியும், அரைகுறையாகப் பேசுவார். மதிப்பீட்டுக்கு முதல் நாள் என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

"சுமதி, ஃப்ளாட் உனக்கு வேணும். மோள் ஸ்கூல் அங்கே. காயினும் வேணும். ரெண்டும் கிடைக்கணும்னா காயின் விலை குறைஞ்சு வரணும். கூடினா, உன் பாதியிலே ரெண்டும் அடங்காது, அது அவர் பங்கிலே போகும். மனசிலாச்சா?"

"சரி."

"அதனால நாளைக்கு நல்லது ஒண்ணும் சொல்லாதே. குறை மட்டும் சொல்லு. அந்தக் காயினோட குறை உன்னைவிட யாருக்கும் தெரியாது."

உண்மைதான். தெரியும்.

ஆகவே அந்த மேசையில், டாய்ல் "ஓ" சொல்லிவிட்டு லென்ஸை எடுத்தபோது, நான் தொடங்கினேன். குல்லாய்க்குப் பக்கத்தில் அரத்தின் கோடுகள், பார்வைக்கு அழகைக் கெடுக்கின்றன. கழுகின் மார்பில் அச்சு அழுத்தமாக விழவில்லை. விளிம்பில், கடிகாரத்தில் மணி எட்டு இருக்கும் இடத்தில், ஒரு சிறு நசுங்கல். பின்பக்கத்து எழுத்துகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. நிறம் ஒரே சீராக இல்லை.

ஒவ்வொன்றையும் சொல்லும்போது என் குரல் பரிசோதனைக் கூடத்தில் அறிக்கை வாசிக்கும் குரலாக இருந்தது. எந்தப் பெண்ணோ தராசின் முன்னால் உட்கார்ந்து ராவிய கோடுகளை, நான் மாதத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துப் பார்க்கும் கோடுகளை, குறை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

டாய்ல் லென்ஸை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "இந்தக் கோடுகள் அச்சடிப்பதற்கு முன்பே போட்டவை என்று உங்களுக்குத் தெரியும்தானே, மேடம்?"

"தெரியும். சந்தையில் அதற்குக் குறைத்துத்தான் தருகிறார்கள்."

"சில பேர்" என்றார். அவருக்கு என்மேல் மரியாதை குறைந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. ஷீலா மேசைக்கடியில் என் முழங்காலைத் தட்டினார், நன்றாகச் செய்கிறாய் என்பதைப் போல.

அப்போது செந்தில் தொண்டையைச் செருமினார்.

ஆங்கிலத்தில், ஆபீஸ் மீட்டிங்கில் பேசுகிற நிதானத்தோடு பேசினார். அந்தக் கோடுகள் குறையல்ல என்றார். எடை கூடிய தகடுகளை அரத்தால் ராவிச் சரிசெய்த அடையாளம், அந்த வேலையில் பெண்களும் இருந்தார்கள், காசு அசல் என்பதற்கு அதுவே சாட்சி என்றார். இந்த வகையில் கழுகின் மார்பு பொதுவாகவே அழுத்தமாக விழாது, ஆகவே அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றார். இது மாதிரிக் காசுகளில் பெரும்பாலானவை உருக்கப்பட்டன, தப்பியதில் பெரும்பாலானவை கழுவப்பட்டன, இது கழுவப்படாதது என்றார்.

"ப்ளீஸ் லுக் அட் தி கலர்" என்றார். "தட் கலர் ஈஸ் இட்ஸ் லைஃப்."

உசுரு. தோசை ஆறிப்போன அந்த இரவில் நான் சொன்ன வார்த்தை. ஆங்கிலமாக்கியிருந்தார்.

எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். போனைத் தள்ளிக்கொண்டே, "ம்" கொட்டிக்கொண்டே, நட்சத்திரங்களின் இடம் உட்பட ஒன்று விடாமல் கேட்டிருக்கிறார். இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது, ஒரு கேள்வியாவது திருப்பிக் கேட்டிருந்தால் நான் அந்த மனிதருக்காக என்னதான் செய்திருக்க மாட்டேன்! அவர் என் பேச்சைக் கேட்டார் என்பதற்கான அத்தாட்சியை என்னிடமிருந்து காசைப் பிடுங்கும் நாளில்தான் வெளியே எடுத்தார்.

டாய்ல் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "உங்கள் கணவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார்.

காசைப் பற்றி நல்லது எதையும் சொல்லக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

விலை வந்தது. தொகையை இங்கே எழுதப் போவதில்லை. ஃப்ளாட்டையும் காசையும் சேர்த்து என் பக்கம் வைத்தால் தராசு எங்கேயோ போய்விடும், அவ்வளவுதான். ஷீலா உதட்டைப் பிதுக்கினார். நான் ஃப்ளாட் என்றேன். பெண் படிக்க வேண்டும், படுக்க வேண்டும்.

செந்தில் அட்டைப் பெட்டியை மூடிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். "ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "வரட்டா?" என்றார். பழக்கதோஷம்.

டாலஸில்

ஒன்றரை வருடம் போயிற்று. பழைய காசுகளின் ஏலங்களை இணையத்தில் பார்க்கும் வழக்கத்தை நான் விடவில்லை. வாங்க முடியாதவர்களிடம் பார்ப்பதற்குக் காசு கேட்பதில்லை.

ஒரு மதியம் அலுவலகத்தில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே பக்கங்களைத் தள்ளியபோது அந்தச் சின்னக் கழுகு வந்தது. படத்தில் நிறம் வேறாக இருந்தது. விளக்கின் கோளாறு என்று நினைத்தேன். பெரிதாக்கினேன். விளிம்பில், மணி எட்டு இருக்கும் இடத்தில், அந்த நசுங்கல்.

கோடை விடுமுறைக்கு யாழினி அப்பாவிடம் போக வேண்டிய நேரம். வழக்கமாகத் தனியாகத்தான் அவர் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் ஆஸ்டினுக்குப் பறப்பாள். அந்த முறை நானும் கிளம்பினேன். ஏலம் நடக்கவிருந்த டாலஸில் இறங்கி, ஏலத்துக்கு முன் யார் வேண்டுமானாலும் காசுகளைக் கையில் வாங்கிப் பார்க்கும் அறைக்குப் போய்விட்டு, அங்கிருந்து வாடகைக் காரில் அவளை ரவுண்ட் ராக்கில் விடுவதாகத் திட்டம்.

நீளமான மேசைகள், ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு விளக்கு. லைசென்ஸைக் காட்டிக் கையெழுத்துப் போட்டோம். ஒரு இளம்பெண் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். தரம் பார்க்கும் நிறுவனம் அதை இப்போது தடித்த பிளாஸ்டிக் வில்லைக்குள் அடைத்திருந்தது. மேலே ஒட்டிய சீட்டில் வழக்கமாகப் போடும் தர எண் கிடையாது. அசல் காசு, பாலிஷ் செய்யப்பட்டது என்று மட்டும் இருந்தது.

விளக்கைத் தாழ்த்தினேன்.

ஆரஞ்சு இல்லை, செம்பு இல்லை. நேற்று வாங்கிய மோதிரத்தைப் போல மஞ்சளாக மின்னியது. பாலிஷ் சக்கரம் ஓடிய தடம் வட்ட வட்டமாகத் தெரிந்தது. குல்லாய்ப் பெண்ணின் கன்னம் வழவழப்பாகிவிட்டது. கழுகின் மார்பில் இருந்த கொஞ்சநஞ்ச இறகும் இல்லை. அரத்தின் கோடுகள் இருந்த இடத்தில் விரலால் தேய்த்தழித்த பென்சில் கோடு மாதிரி ஒரு மங்கல்.

"இட்ஸ் ஸோ ஷைனி" என்றாள் யாழினி. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, ஆர் யூ ஓகே?"

"ம்."

அவள் ஏலப் புத்தகத்தை இழுத்து விலையைப் பார்த்தாள். எதிர்பார்க்கும் தொகை என்று கீழ்விலை, மேல்விலை போட்டிருந்தார்கள். டாய்ல் சொன்னதில் ஒரு சிறு பங்கு.

"அம்மா! யூ கேன் பை இட் நவ்!"

வாங்கலாம்தான். என் சம்பளத்தில், கொஞ்சம் இழுத்துப் பிடித்தால், வாங்கலாம். அந்தக் கூட்ட அறையில் ஷீலா சொன்னபடி நான் எந்த விலைக்கு அதை இறக்கப் பார்த்தேனோ, ஏறக்குறைய அந்த விலைக்கு அது வந்து சேர்ந்திருந்தது. அன்றைக்கு நான் குறை என்று அடுக்கியதெல்லாம் குறையே அல்ல. இப்போது நிஜமாகவே குறை மட்டும்தான் இருந்தது.

தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். "அழகான காசு, இல்லையா?" என்றாள் அந்த இளம்பெண்.

"இருந்தது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. புன்னகைத்தாள்.

ரவுண்ட் ராக்

செந்திலின் வீட்டு வாசலில் மதிய வெயில் கண்ணைக் குத்தியது. யாழினி பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் செருப்பில்லாமல் வெளியே வந்து, சிமென்ட் சுட்டதால் புல்லில் நின்றுகொண்டார்.

"உள்ள வா, தண்ணியாவது குடிச்சுட்டுப் போ."

"டாலஸ்ல காசப் பாத்துட்டு வர்றேன்."

அவர் முகம் கொஞ்சம் மாறியது. "அதா. அது பெரிய ஏமாத்து சுமதி. அன்னைக்கு அந்த ஆள் அவ்வளவு வெல சொன்னான். இப்ப இவங்க கால்வாசிகூடப் போகாதுங்கறாங்க. எனக்குத்தான் நஷ்டம்."

"யாருங்க பாலிஷ் போட்டது?"

"ஐசலின்ல. அன்னைக்கே, ஏர்போர்ட் போற வழியில. நம்ம வழக்கமா போற கடைதான். தங்கத்த வித்தா என்ன ரேட் வரும்னு சும்மா கேக்கலாம்னு போனேன். ரொம்ப அழுக்கா இருக்குது, பளபளன்னு இருந்தாத்தான் நல்லா போகும்னாரு. ரெண்டு நிமிஷந்தான். காசுகூட வாங்கல."

அன்றைக்கேதான். "தட் கலர் ஈஸ் இட்ஸ் லைஃப்" என்று டாய்லிடம் சொன்ன வாய் காய்வதற்குள்.

"நான் சொல்லியிருக்கறனே, கழுவவே கூடாதுன்னு."

"சொன்ன" என்றார் செந்தில். தயக்கமே இல்லை. "எனக்கு ஞாபகம் இருந்துச்சு. கடைக்காரர்கிட்டயும் சொன்னேன். பாலிஷ் போட்டா போச்சுன்னு என் வைஃப் சொல்லுவான்னு. அவரு சிரிச்சாரு. லேடீஸுக்குத் தங்கத்தப் பத்தி என்னங்க தெரியும், போட்டுக்கத்தான் தெரியும்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அதை மட்டும் நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

"நானும் சிரிச்சேன்" என்றார்.

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மறதி எல்லோருக்கும் உண்டு. நான் சொன்னதெல்லாம் அவருக்கு மனப்பாடமாகவே இருந்திருக்கிறது. டாய்லிடம் விலையேற்ற அது உதவியது. ஒரு கடைக்காரர் சிரித்ததும் அதற்கு மதிப்பில்லாமல் போய்விட்டது.

நான் தண்ணீர் குடிக்கவில்லை. காரைத் திருப்பும்போது யாழினி மாடி ஜன்னலிலிருந்து கையசைத்தாள்.

அடுத்த வாரம் ஏலம். இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காசு வந்தபோது கேட்பவர்கள் அதிகமில்லை. விலை மெதுவாக ஏறி, என்னால் முடிந்த தொகைக்குக் கீழேயே நின்றது. திரையில் ஒரு பொத்தான். அழுத்தினால் அது பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்துவிடும்.

யாழினியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. அவளும் அங்கே பார்த்துக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது. "கெட் இட், அம்மா."

வாங்கினால் அந்தப் பணம் யாருக்குப் போகும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பதினாறு வயது.

பெயர் தெரியாத யாரோ வாங்கினார்கள். நான் லேப்டாப்பை மூடிவிட்டு, ஊறவைத்த உளுந்தைக் கிரைண்டரில் போட்டேன்.